ஆங்கிலத்தின் ‘த்ரோ’ வினைகளை ரஷ்யனில் கொண்டுவருவது எப்படி?

சொல்தேடி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ரஷ்ய மொழிப் பட்டயப் படிப்பில் இருக்கிறேன். மொழிபெயர்ப்புத் தாளுக்கான பயிற்சியாக ஒரு ஆங்கிலப் பத்தி கொடுத்திருக்கிறார்கள். ஒருவன் தூங்கி எழுந்து வேலைக்குக் கிளம்புகிறான், அவ்வளவுதான் கதை. ஆனால் வாக்கியத்துக்கு வாக்கியம் ‘த்ரோ’ வருகிறது. போர்வையை ‘த்ரோ ஆஃப்’, கோட்டை ‘த்ரோ ஆன்’, கணப்பில் இன்னொரு கட்டையை ‘த்ரோ ஆன்’, நேற்றைய செய்தித்தாளை ‘த்ரோ அவே’, கடிகாரத்தைப் பார்த்துப் பதறிக் கைகளை ‘த்ரோ அப்’.

அகராதியைத் திறந்தால் எறிதலுக்கு ‘ப்ரோசித்’, ‘கீனுத்’, ‘ஷ்விர்னுத்’, ‘மெத்னுத்’ என்று வரிசையாகச் சொற்கள். ஒவ்வொன்றின் முன்னும் பத்து முன்னொட்டுகள் ஒட்டும் என்கிறார்கள். எதை எங்கே வைப்பது என்பதற்கு ஒரு வழி உண்டா?

(ரஷ்யச் சொற்களை எழுத்துப்படியே தமிழில் தருகிறேன். பேச்சில் அழுத்தம் விழாத ‘ஓ’ கிட்டத்தட்ட ‘அ’வாக ஒலிக்கும் என்பது தெரியும்.)

படிக்கட்டு எழுதியது:

வழி இருக்கிறது. ஆங்கிலம் திசையை வினைக்குப் பின்னால் தனிச் சொல்லாக வைக்கிறது. ரஷ்யன் அதையே வினைக்கு முன்னால் ஒட்டாக வைக்கிறது. ஆகவே ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

‘அவுட்’, ‘அவே’ என்றால் ‘வி’: விப்ரோசித். ‘ஆஃப்’ என்றால் ‘ஸ்’: ஸ்ப்ரோசித். ‘பேக்’ என்றால் ‘ஓத்’: ஓத்ப்ரோசித். ‘ஓவர்’ என்றால் ‘பெரே’: பெரெப்ரோசித். ‘இன்’ என்றால் ‘வ்’: வ்ப்ரோசித். ‘ஆன்’ என்றால் ‘நா’: நாப்ரோசித். ‘அப்’ என்றால் ‘போத்’: போத்ப்ரோசித்.

ஒட்டுக்குத் துணையாக இன்னொன்றும் உண்டு. ரஷ்யனில் முன்னொட்டும் அதைத் தொடரும் உருபுச்சொல்லும் பெரும்பாலும் ஒன்றையொன்று எதிரொலிக்கும். மேசையிலிருந்து தள்ளினால் ‘ஸ்ப்ரோசித் சோ ஸ்தோலா’: வினையிலும் ‘ஸ்’, பெயருக்கு முன்னும் ‘ஸ்’ (இங்கே ‘சோ’ என்ற வடிவில்). வேலிக்கு மேலாக வீசினால் ‘பெரெப்ரோசித்’துடன் ‘செரெஸ்’ வரும். இந்தச் சோடிகளை மனப்பாடம் செய்தால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம்.

நெவாக்கரை எழுதியது:

படிக்கட்டு தம்பியின் பட்டியலில் தவறில்லை. கையிலிருந்து ஒரு பொருள் உண்மையிலேயே பறந்து போகும்வரை அது உதவும். பெண்ணே, உன் பத்தியில் அப்படிப் பறப்பது எத்தனை என்று பார். போர்வை பறக்கவில்லை. கோட்டு பறக்கவில்லை. கைகள் தோளிலேயே இருக்கின்றன. கட்டையும் செய்தித்தாளும் மட்டும்தான் கையை விட்டுப் போகின்றன.

லெனின்கிராதில் படித்து, அந்த நகரம் பீட்டர்ஸ்பர்க் ஆன பிறகும் அங்கேயே மொழிபெயர்ப்பு வேலை பார்த்தவன் நான். ‘த்ரோ’வுக்கு ரஷ்யச் சொல் தேடுவதை நிறுத்தும்வரை எனக்கு வேலை நகரவில்லை. எந்தப் பொருள், எங்கிருந்து எங்கே போனது, போய் என்ன நிலையில் நின்றது என்ற கேள்விகளுக்கு விடை தெரிந்தால் ரஷ்ய வினை தானாக வந்து நிற்கும்.

போர்வையையே எடுத்துக்கொள். ஆங்கிலத்துக்கு ‘த்ரோ ஆஃப்’ போதும். ரஷ்யன் உன்னைக் கேட்கும்: போர்வை தரையில் விழுந்ததா, கட்டிலிலேயே ஒரு பக்கமாக மடங்கிக் கிடக்கிறதா? விழுந்தது என்றால் ‘ஸ்ப்ரோசில்’. ஒரு பக்கமாக விலகி மடங்கியது என்றால் ‘ஓத்கீனுல்’. எழுந்து வேலைக்குப் போகிறவன் பெரும்பாலும் இரண்டாவதைத்தான் செய்வான். கெட்ட கனவு கண்டு உதறி எழுந்தவன் முதலாவதைச் செய்வான். அந்த மனிதன் எழுந்த விதத்தை நீ கண்ணால் பார்த்தாக வேண்டும்.

கோட்டு இன்னும் நுட்பம். ‘நாகீனுல்’ என்றால் தோளில் போட்டுக்கொண்டான் என்று பொருள். கைகள் சட்டைக்கைக்குள் நுழையாமலும் இருக்கலாம். நம் ஊரில் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புவதில்லையா, அந்த அசைவு. ‘நாகீத்கா’ என்றாலே தோளில் போர்த்தும் மேலாடைதான். உன் கதாநாயகன் வெளியே பனியில் நடக்கப்போகிறான், அவசரத்தில் கைகளை நுழைத்துப் பொத்தானும் போட்டான் என்று அடுத்த வரியில் இருந்தால், ‘அவசரமாக அணிந்தான்’ என்று ‘நாதேல்’ வினையால் சொல்வதே பொருந்தும்.

கைகளை ‘த்ரோ அப்’ செய்ததை மட்டும் தயவுசெய்து எறிந்துவிடாதே. பதற்றமா, வியப்பா, கையாலாகாத நிலையா என்று பார். பதற்றமும் வியப்பும் என்றால் ‘வ்ஸ்ப்லெஸ்னுல் ருகாமி’. தண்ணீர் தெறிப்பதைச் சொல்லும் அதே வேரிலிருந்து வந்தது. ‘என்னால் என்ன செய்ய முடியும்’ என்று கையை விரித்தால் ‘ராஸ்வ்யோல் ருகாமி’. சரணடைபவன் கையை உயர்த்தினால் ‘போத்னியால் ருகி’. கடிகாரத்தைப் பார்த்துப் பதறியவனுக்கு முதலாவது.

படிக்கட்டு எழுதியது:

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் தொடக்கநிலை மாணவரிடம் ‘காட்சியைப் பார்’ என்று சொன்னால் கையில் பிடிக்க எதுவும் இருக்காது. தேர்வு அறையில் மூன்று மணி நேரம்தான். பட்டியல் ஒரு பிடிமானம்.

அதற்கு ஒரு சான்றும் தருகிறேன். 1912 டிசம்பரில் ரஷ்ய எதிர்காலவாதக் கவிஞர்கள் வெளியிட்ட அறிக்கையில், புஷ்கின், தஸ்தயேவ்ஸ்கி, தோல்ஸ்தோய் முதலானோரை நவீன காலத்தின் நீராவிக் கப்பலிலிருந்து எறியவேண்டும் என்று ஒரு வரி உண்டு. மூலத்தில் இருப்பது முன்னொட்டு இல்லாத ‘ப்ரோசித்’. ஆனால் ரஷ்யர்கள் நினைவிலிருந்து சொல்லும்போது பெரும்பாலும் ‘ஸ்ப்ரோசித்’ என்றே சொல்கிறார்கள். ‘கப்பலிலிருந்து’ என்பதற்கு முன் ‘ஸ்’ என்ற உருபுச்சொல் நிற்பதால், வினையிலும் அந்த ‘ஸ்’ஸைக் காது எதிர்பார்க்கிறது. தாய்மொழிக்காரரின் நினைவையே திருத்தும் அளவுக்கு இந்த ஒட்டுமுறை வலுவானது என்றால், மாணவர் அதை முதலில் கற்பதில் என்ன தவறு?

நெவாக்கரை எழுதியது:

அருமையான சான்று, தம்பி. மறுக்கமாட்டேன். திசை உள்ள இடத்தில் முன்னொட்டு அரசன்தான். திசையே இல்லாத இடத்துக்குப் பட்டியலைக் கொண்டுபோவதைத்தான் நான் தடுக்கிறேன்.

மருந்துப்பெட்டி எழுதியது:

வோல்கோகிராதில் மருத்துவம் படிக்கிறேன். இதே ‘த்ரோ அப்’ வாந்திக்கும் வருமே, அதைப் பற்றி யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு வகுப்பு ஆங்கிலத்தில். வார்டில் படுத்திருக்கும் பாட்டிக்கு ரஷ்யன் மட்டும்தான் தெரியும். அங்கே இந்த ஒரு வினை தெரியாமல் நோய் வரலாறு எழுத முடியாது.

வாந்தி எடுத்தான் என்பதற்கு ரஷ்யனில் எழுவாயே கிடையாது. ‘யெவோ விர்வலோ’ என்பார்கள். ‘யெவோ’ என்றால் ‘அவனை’. வினை ஒன்றன்பால் இறந்தகாலத்தில் நிற்கும். ஏதோ ஒன்று அவனைப் பிடித்து உலுக்கியதுபோல. குமட்டலுக்கும் அப்படியே: ‘மென்யா தோஷ்னித்’. நாம் ‘எனக்குக் குமட்டுகிறது’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதை அவர்கள் ‘என்னை’ என்று இரண்டாம் வேற்றுமையில் சொல்கிறார்கள். எழுவாய் இல்லாமல் உடம்பின் அவதியைச் சொல்லும் பழக்கம் நமக்கும் இருப்பதால், ஆங்கிலத்திலிருந்து போவதைவிடத் தமிழிலிருந்து போவது எளிது.

எச்சரிக்கை ஒன்று. ஆங்கில வாக்கியத்தைப் பின்பற்றி ‘அவன்’ என்று எழுவாய் வைத்து ‘ஓன் விர்வல்’ என்றால் பொருளே மாறிவிடும். அது ‘பிடுங்கினான்’. பல் பிடுங்குவதற்கு அந்த வினைதான். புறநோயாளிப் பிரிவில் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு மிகப் பெரியது.

நோயாளியிடம் கேட்க: ‘வாஸ் ர்வாலோ?’ இவ்வளவு போதும்.

இலக்கணப்பித்து எழுதியது:

மருந்துப்பெட்டி, மிக்க நன்றி. ரஷ்யன் எனக்கு இரண்டாம் காதல். பிழைப்பு தமிழாசிரியர் வேலை. வேற்றுமை என்று பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இது நம்மவர் யாருக்கும் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்பதே எனக்குப் பெருமகிழ்ச்சி.

ஆங்கிலத்தில் கல்லை எறிந்தாலும் கல்லால் எறிந்தாலும் ‘ஸ்டோன்’ ஒன்றேதான், உருபு மாறுவதில்லை. நாம் ‘கல்லை எறிந்தான்’ என்றும் சொல்வோம், ‘மாங்காயைக் கல்லால் எறிந்தான்’ என்றும் சொல்வோம். முதலாவதில் கல் செயப்படுபொருள், இரண்டாவதில் கல் கருவி. ரஷ்யனிலும் இதே இரட்டை உண்டு. ‘ப்ரோசில் காமென்’ என்றால் கல்லை எறிந்தான். ‘ப்ரோசில் காம்னெம்’ என்றால் கல்லால் எறிந்தான்; அவர்களுடைய கருவி வேற்றுமை அது. அடிக்கும் நோக்கம் தெரியவேண்டிய இடத்தில் கருவி வேற்றுமை இயல்பாக வரும்.

அடுத்தது ‘த்ரோ அட்’, ‘த்ரோ டு’. பந்தை என்மேல் எறிந்தானா, நான் பிடிக்கட்டும் என்று எனக்குப் போட்டானா? மேலே பட எறிந்தால் ‘வ் மென்யா’. பிடிக்கப் போட்டால் ‘ம்னே’, அதாவது ‘எனக்கு’, நான்காம் வேற்றுமை. தமிழ்ப் பிள்ளைகள் மைதானத்தில் ‘எனக்குப் போடு’ என்று கத்துவதை ரஷ்யப் பிள்ளைகளும் அதே வேற்றுமையில்தான் கத்துகிறார்கள்.

சொல்தேடி எழுதியது:

அம்மா, இது வகுப்பில் இப்படி யாரும் சொல்லவில்லை. ஆங்கில வழிப் பாடநூல்தான் எங்களுக்கு. அதில் கருவி வேற்றுமைக்கு ‘வித்’ என்று போட்டு, எறிதலுக்கு அது விதிவிலக்கு என்று நகர்ந்துவிட்டார்கள்.

இன்னும் ஒரு குழப்பம். செய்தித்தாளை ‘விப்ரோசில்’ என்று எழுதியிருக்கிறேன். ‘விப்ராசிவால்’ என்றும் ஒரு வடிவம் இருக்கிறதே. எப்போது எது?

இலக்கணப்பித்து எழுதியது:

ஆங்கிலம் சுத்தமாகக் காட்டாத இடம் இது. ரஷ்யனில் பெரும்பாலான வினைகள் நிறைவு, நிறைவுறாதது என்று சோடியாக இருக்கும். ‘விப்ரோசித்’ ஒருமுறை எறிந்து காரியம் முடிந்தது. ‘விப்ராசிவாத்’ எறிந்துகொண்டிருத்தல், அடிக்கடி எறிதல், எறியும் பழக்கம். நடுவே ‘இவா’ நுழையும்போது வேரின் ‘ஓ’ ‘ஆ’வாக மாறுவதையும் கவனியுங்கள்.

தமிழில் இதற்கு மிக அருகில் வருவது துணைவினை ‘விடு’. ‘எறிந்தான்’ என்பதற்கும் ‘எறிந்துவிட்டான்’ என்பதற்கும் உள்ள இடைவெளி. நமக்கு ‘விடு’ வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆகவேண்டும். அதனால் முழுப் பொருத்தம் என்று சொல்லமாட்டேன். ஆனால் ஏவலில் பொருத்தம் வியக்கவைக்கிறது.

‘தூக்கிப் போட்டுவிடு’: விப்ரோசி, நிறைவு வினை. ‘தூக்கிப் போடாதே’: நே விப்ராசிவாய், நிறைவுறா வினை. எதிர்மறை ஏவல் வந்ததும் ரஷ்யன் வினையையே மாற்றுகிறது. நாமும் ‘விடு’வைக் கைவிட்டோம், பாருங்கள்.

இப்போது மூன்றாவது. வீட்டைச் சுத்தம் செய்யப்போகும் மகனிடம் தாய் சொல்கிறாள்: ‘பார், அந்த ரசீதைக் குப்பையோடு சேர்த்துப் போட்டுவிடாதே.’ தெரியாமல் நடந்துவிடக்கூடாது என்ற எச்சரிக்கை. தமிழில் ‘விடு’ திரும்பி வந்துவிட்டது. ரஷ்யனிலும் நிறைவு வினை திரும்பி வருகிறது: ‘ஸ்மோத்ரி, நே விப்ரோசி!’ வேண்டுமென்றே செய்வதைத் தடுக்க நிறைவுறா வினை, தவறிச் செய்வதை எச்சரிக்க நிறைவு வினை. ஆங்கிலத்தில் மூன்று இடத்திலும் அதே ‘த்ரோ அவே’. ஆங்கிலத்தை நடுவில் வைத்துக்கொண்டு இதைக் கற்பவர்கள் வருடக்கணக்கில் தடுமாறுகிறார்கள். தமிழ்ப் பிள்ளை தன் தாய் பேசியதை நினைத்துப் பார்த்தால் போதும்.

மைதானம் எழுதியது:

விளையாட்டுச் செய்தி மொழிபெயர்ப்பவன் நான். ஈட்டி, வட்டு, சம்மட்டி எறிதலுக்கு ரஷ்யனில் ‘மெதானியெ’. ‘ப்ரோசித்’ வைக்காதீர்கள். குண்டு எறிதலை நாம் எறிதல் என்கிறோம். அவர்கள் ‘தோல்கானியெ யாத்ரா’, குண்டு தள்ளுதல் என்கிறார்கள். போட்டியின் விதிப்படி பார்த்தாலும் அது தள்ளுதல்தான். கால்பந்தில் பக்கக் கோட்டிலிருந்து ‘த்ரோ இன்’ செய்வது ‘வ்ப்ராசிவானியெ’. இங்கே படிக்கட்டின் பட்டியல் அப்படியே பொருந்துகிறது.

நெவாக்கரை எழுதியது:

தள்ளுதல் என்றதும் நினைவுக்கு வருகிறது. நீதிமன்றம் வழக்கை ‘த்ரோ அவுட்’ செய்தால் பட்டியலை நம்பி ‘விப்ரோசித்’ என்று எழுதிவிடுவார்கள் புதியவர்கள். ரஷ்யனில் ‘ஓத்க்லோனித்’, ஒதுக்கிச் சாய்ப்பது. நாம் தள்ளுபடி என்கிறோம். அதே தள்ளுபடி கடையிலும் தொங்குகிறது அல்லவா? ரஷ்யக் கடையில் தொங்கும் சொல் ‘ஸ்கீத்கா’. விலையிலிருந்து கொஞ்சம் எறிந்து குறைத்தது; ‘ஸ்கீனுத்’ என்ற எறிதல் வினையின் பிள்ளை அது. ஆங்கிலம் எறியும் இடத்தில் ரஷ்யன் எறியாது, ஆங்கிலம் நினைத்தும் பார்க்காத இடத்தில் ரஷ்யன் எறியும்.

இந்த இரண்டாவது வகையைத்தான் பாடநூல்கள் விட்டுவிடுகின்றன. புகைப்பழக்கத்தை விட்டால் ‘ப்ரோசில் கூரித்’, புகைப்பதை எறிந்தான். மனைவியைக் கைவிட்டாலும் ‘ப்ரோசில்’. நண்பரைக் காரில் மெட்ரோ வரை கொண்டுபோய் விட்டால் ‘போத்ப்ரோசில்’. கைப்பேசியில் படம் அனுப்பச் சொன்னால் ‘ஸ்கீன்’. உடல் எடையைக் குறைத்தால் ‘ஸ்ப்ரோசில்’. வந்த அழைப்பைத் துண்டித்தாலும் ‘ஸ்ப்ரோசில்’.

‘போத்’ என்ற முன்னொட்டைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். படிக்கட்டு அதை ‘அப்’ என்று குறித்திருந்தார். நாணயத்தை மேலே சுண்டினால் சரி. ஆனால் அதே ‘போத்ப்ரோசித்’ அடுப்பில் இன்னும் கொஞ்சம் விறகு சேர்ப்பதற்கும் வரும். ஒருவர் பையில் அவருக்குத் தெரியாமல் போதைப்பொருளை வைத்துச் சிக்கவைப்பதற்கும் வரும். ‘போத்கீதிஷ்’ என்றால் யார் வீட்டு வாசலிலோ விட்டுப்போன குழந்தை. அடியிலிருந்து, கொஞ்சமாக, மறைவாக என்று மூன்று நிழல்கள் அந்த ஓரசை ஒட்டுக்குள் இருக்கின்றன. பெண்ணே, உன் கதையில் கணப்பில் போட்ட ‘இன்னொரு’ கட்டைக்கு இந்த ‘போத்ப்ரோசில்’ தான். ‘இன்னொரு’ என்பது வினைக்குள்ளேயே வந்துவிடும். பட்டியல்படி ‘நாப்ரோசில்’ போட்டால் கட்டையை எதன்மேலோ விரித்ததுபோல் ஆகும்.

பணத்தை ‘த்ரோ அரவுண்ட்’ செய்வதற்கு அவர்கள் ‘சோரித் தெங்காமி’ என்பார்கள். ‘சோரித்’ என்றால் குப்பை போடுவது. நாம் தண்ணீராக இறைக்கிறோம். வெளிச்சத்தை ஆங்கிலம் எறிகிறது, ரஷ்யன் ஊற்றுகிறது: ‘ப்ரோலித் ஸ்வெத்’. வாய்ப்பை ‘த்ரோ அவே’ செய்தால் ‘உபுஸ்தித்’, நழுவவிடுதல்.

படிக்கட்டு எழுதியது:

‘போத்’ விஷயத்தில் ஐயாவுடன் உடன்படுகிறேன். பட்டியலில் அந்த வரியை மட்டும் நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். பட்டியலைத் தூக்கிப்போடச் சம்மதிக்கமாட்டேன்.

சொல்தேடிக்கு ஒரு குறிப்பு: தமிழ் எழுத்தில் ‘ஸ்ப்ரோசித்’ என்று எழுதும்போது, கேள்வி கேட்பதற்கான வினையும் அதே வடிவில்தான் வரும். எறிவதில் மெல்லொலி ‘ப’, அழுத்தம் ‘ரோ’வில். கேட்பதில் வல்லொலி ‘ப’, அழுத்தம் கடைசியில். குறிப்பேட்டில் ரஷ்ய எழுத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

சொல்தேடி எழுதியது:

எல்லாவற்றையும் வைத்து எழுதியிருக்கிறேன். போர்வை ‘ஓத்கீனுல்’. கோட்டு ‘நாகீனுல்’ (பொத்தான் பற்றி மூலத்தில் எதுவும் இல்லை, கதவுவரைதான் போகிறான்). கட்டை ‘போத்ப்ரோசில்’. செய்தித்தாள் ‘விப்ரோசில்’. கைகள் ‘வ்ஸ்ப்லெஸ்னுல்’. பத்தியின் கடைசி வரி: அந்தக் குளிர்காலம் முழுக்க ஒவ்வொரு காலையும் அவனுக்கு இப்படியே கழிந்தது. இது சரியா?

இலக்கணப்பித்து எழுதியது:

சொற்தேர்வு அத்தனையும் சரி, மகளே. ஆனால் அந்தக் கடைசி வரி எல்லா வினைகளையும் மாற்றச் சொல்கிறது. ஒவ்வொரு காலையும் நடந்தது என்றால் நிறைவு வினை இங்கே நிற்காது. தமிழில் எழுதினாலும் நீ ‘விலக்குவான், போட்டுக்கொள்வான், தூக்கியெறிவான்’ என்றுதானே எழுதுவாய்? ஓத்கீதிவால், நாகீதிவால், போத்ப்ராசிவால், விப்ராசிவால், வ்ஸ்ப்லோஸ்கிவால். கடைசிச் சொல்லில் ‘லெ’ ‘லோ’வாகும், அழுத்தம் அதன்மேல்தான்.

நெவாக்கரை எழுதியது:

அம்மா சொன்னதே சரி. அந்தக் கடைசி வரியைப் பத்தியின் முதலிலேயே ‘ஒவ்வொரு காலையும்’ என்று கொண்டுவந்துவிடு. ரஷ்ய வாசகர் முதல் வினையைப் படிக்கும்போதே அதற்கான காரணம் அவர் கையில் இருக்கவேண்டும்.